சுருளின் எட்டாவது படம்

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அம்மாவின் தம்பி சைகோனிலிருந்து கப்பலில் வந்து, பாகூர் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கினார். மாமா கொண்டுவந்த பெட்டியில் வீட்டுக்கு உதவுகிற பொருள் ஒன்றும் இல்லை என்பது அப்பாவின் கருத்து. இருந்ததில் பெரியது ஒரு கறுப்புப் பெட்டிக் கேமரா. அதற்கு ஒரே ஒரு ஃபிலிம் சுருள், அதில் எட்டே எட்டுப் படம்.

படம் என்று கேட்டதுமே அம்மா பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் உதறிப் போட்டாள். மாமாவோ, "நீங்க எங்க ஓடிடப் போறீங்க?" என்று சொல்லிவிட்டு, தெருவில் சைக்கிளில் போகிறவர்களைத்தான் எடுக்கப் போவதாக அறிவித்தார். சைகோனில் ஊர் ஞாபகம் வந்தபோதெல்லாம் அவருக்கு வீட்டு மனிதர்கள் யாரும் கண்ணில் வரவில்லையாம். மணியடித்து, "இன்னாபா, சவுக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போகிற சைக்கிள்காரர்கள்தான் வந்தார்களாம். அம்மா புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் மாமாவுக்குக் காபி ஆறித்தான் வந்தது.

எனக்கு அப்போது ஏழு வயது. தெருமுனையில் நின்று, வருகிற சைக்கிளை மறித்து விஷயத்தைச் சொல்வது என் பொறுப்பு. குறுக்கே போனால் படம் கலங்கிவிடும். மாமாவைப் பார்த்து நேராக, மெதுவாக, சிரித்துக்கொண்டே ஓட்டி வர வேண்டும். இது சொல்வதற்குச் சுலபம். மெதுவாக வந்தவர்கள் தள்ளாடினார்கள், தள்ளாடியவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவாடு குப்பத்து மீன்காரர் கூடையிலிருந்த பெரிய வஞ்சிரத்தை எடுத்துக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

வாத்தியார் கதை வேறு. அந்தப் பெட்டியில் மேல்புறக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். மாமா குனிந்ததும், சைகோன்காரர் தமக்கு வணக்கம் வைக்கிறார் என்று வாத்தியார் நினைத்துவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர். இரண்டு கையையும் எடுத்துப் பதிலுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார். சைக்கிள் அவரையும் சுமந்துகொண்டு எதிர்வீட்டு வைக்கோல் போரில் போய் நின்றது.

இப்படி ஏழு படம் தீர்ந்தது. எட்டாவது யாருக்கு என்பதை நான் எப்போதோ தீர்மானித்திருந்தேன்.

கன்னியப்பன் எங்கள் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர். சேரியிலிருந்து வருவார். பட்டாளத்துக்குப் போன அண்ணன் வாங்கிக் கொடுத்த சைக்கிள் அவரிடம் இருந்தது, ஊரிலேயே பளபளப்பான சைக்கிள். என் அப்பாவின் வயது இருக்கும் அவருக்கு. நான் அவரைப் பெயர் சொல்லி, வா, போ என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை வாங்க, போங்க என்பார். எங்கள் தெரு தொடங்குகிற இடத்தில் இறங்கி, கடைசி வீடு தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பார். நான் கூடவே ஓடி வழிநெடுக மணியை அடிப்பேன். நான் மணி அடிப்பதற்காகத்தான் அவர் இறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

அன்று பிற்பகலிலும் அதே இடத்தில் இறங்கினார்.

"எறங்காத, ஓட்டிகினு வா. மாமா படம் புடிக்கும்" என்றேன்.

"செயின் லூசா கீது பாப்பா. தள்ளிகினே வர்றேன்."

சொன்னபடியே மாமா நின்ற இடம்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நான் குனிந்து பார்த்தேன். செயின் நன்றாகத்தான் இருந்தது. சொன்னேன். அவர் சிரித்தார். "வாணாம் பாப்பா. ஆண்டை பாத்தா திட்டுவாரு." ஆண்டை என்றால் என் அப்பா.

அப்பா எதற்குத் திட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அப்பா ஒன்றைச் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது என்பது தெரியும். "அப்பாதான் ஓட்டிகினு வரச் சொன்னாரு" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். என் பொய் மாமாவின் காதில் விழுந்தது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். தெருவின் வழக்கமும் அப்பாவின் குணமும் அவருக்குத் தெரியாததா? ஆனால் சுருளில் ஒரு படம் மிச்சமிருந்தது, வெயிலும் சாய்ந்துகொண்டிருந்தது. "வாப்பா, வெளிச்சம் போவுது" என்றார் மாமா.

கொடி மாறிவிட்டது, இனி எல்லாம் மாறும் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. ஆண்டையும் மாறிவிட்டார் என்று கன்னியப்பன் நம்பியிருக்க வேண்டும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தெருமுனைக்குப் போய் ஏறினார். முதல் இரண்டு வீடு வரைக்கும் விறைப்பாக வந்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார், மணியைத் தானே அடித்தார், சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மாமா குனிந்தார்.

நிமிர்ந்தபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீடுகளிலிருந்தும் நாலு பெரியவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

"யாரக் கேட்டுடா ஏறின?" என்று அப்பா மெதுவாகத்தான் கேட்டார்.

பொய் சொன்னால் அப்பா புளிய விளாரை எடுப்பார். கன்னியப்பன் வாயைத் திறந்தால் என் முதுகு தப்பாது. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யாருஞ் சொல்லல ஆண்டே. புத்தி கெட்டுப்போயி நானாத்தான் ஏறிட்டேன்."

மாமா சுருளைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தார். கன்னியப்பன் தெருமண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். அவருடைய ஆட்கள் எங்கள் தெருவில் சைக்கிள் ஏறிப் போகக்கூடாது என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எழுதி வைக்காததால்தானோ என்னவோ, கொடி மாறியபோது அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் முதல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூட அவர் இந்த வழியே வரக்கூடாது, ஏரிக்கரையைச் சுற்றித்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று ஆயிற்று. வேலையை விட்டு நிறுத்தாதது அப்பாவின் பெருந்தன்மை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு அடி தப்பிய நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மாமா சைகோனுக்குத் திரும்புவதற்கு முன்னால் புதுச்சேரியில் கொடுத்துப் படங்களைக் கழுவி வாங்கிவந்தார். ஏழு படத்தை அவரே வீடுவீடாகப் போய்க் கொடுத்தார். எட்டாவதை என் கையில் திணித்து, "நீயே குடுத்துடும்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

எட்டில் அதுதான் நன்றாக விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். கன்னியப்பன் கைச் சேற்றை வேட்டியில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, படத்தை ஓரமாகப் பிடித்து வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத ஆண்டை பாத்தாரா?"

"இல்ல."

படத்தை என்னிடமே நீட்டினார். "நீங்களே வச்சிக்குங்க பாப்பா."

"ஏன், நல்லால்லியா?"

"நல்லா கீது. பின்னாடி உங்க தெரு தெரியுது பாப்பா."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். அவர் தலைக்குப் பின்னால் இரண்டு வரிசை வீடுகளும், எங்கள் வீட்டுத் தூணும், தெருமுனைக் கோயிலும் ஒன்று விடாமல் விழுந்திருந்தன.

"ஆமா, எங்க தெருதான். எவ்ளோ அழகா இருக்குது பாரு!" என்றேன்.

அவ்வளவு பிடித்துப்போன படத்தை எனக்கே கொடுத்துவிட்டாரே, என்ன நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு, அதைப் பாவாடையில் செருகிக்கொண்டு எங்கள் தெரு வழியாக வீட்டுக்கு ஓடி வந்தேன்.