புடவை எடுக்காத அக்கா

இன்று காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் புடவையை விரித்துப் பார்த்தேன். தலைக்கு மேல் கேமரா.

எண்பதுகளில் இதே கடைத்தெருவில், வேறொரு கடையில் கேமராவுக்குப் பதில் ஓர் அக்கா இருந்தார். எப்போது போனாலும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து புடவை புரட்டுவார். ஒன்றும் எடுக்க மாட்டார்.

"எந்த ஊருங்க?" என்று என் அண்ணி கேட்டதற்கு "திருநள்ளாறுங்க" என்றார். அடுத்த தடவை கேட்டால் சுரக்குடி.

வெளியே வந்ததும் அண்ணி சொன்னார்: "இது கடைக்காரர் வச்ச ஆளு. நம்ம கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

எனக்கு உடம்பே கூசிப்போனது. அதன்பிறகு அந்தக் கடையில் பையைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொள்வேன்.

அண்ணி அப்படியில்லை. தீபாவளிக்குப் போனபோது ஒரு புடவையைத் தோளில் போட்டு அந்த அக்காவிடமே காட்டினார். "எனக்கு எடுப்பா இருக்குமாங்க?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்: "வேணாங்க. பழைய சரக்கு. ஒரே தண்ணியில சாயம் போயிடும்."

விஷயம் பரவியது. வந்த பெண்களெல்லாம் அவரிடமே கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். பொங்கலுக்குப் போனபோது அக்காவைக் காணோம்.

இன்று நானும் கேமராவை அண்ணாந்து பார்த்து, "சாயம் நிக்குமா?" என்று கேட்டேன்.

வாயே திறக்கவில்லை. கடை முதலாளிகளுக்கு இப்போதுதான் சரியான ஆள் கிடைத்திருக்கிறது.