மன்னார்குடியிலிருந்து தேக்காவுக்கு வழி சொல்கிறவர்

எங்கள் வீட்டு மிக்ஸி பழுதானது சிங்கப்பூரில். அதை எங்கே சரிசெய்யலாம் என்று விசாரித்தது மன்னார்குடியில். மார்சிலிங்கில் பத்தாவது மாடிச் சமையலறையில் நின்றுகொண்டு என் மனைவி சுமதி, கைப்பேசியை உப்பு டப்பாவில் சாய்த்துவைத்து, ஊரில் ஹார்டுவேர் கடை நடத்தும் தன் அண்ணன் பாஸ்கரிடம் ஜாரைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முழம் தள்ளி, பதினேழு வருஷமாக இதே ஊரில் குடியிருக்கும் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீருக்கு ஒரு காரணம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு சந்து போவும் பாரு சுமதி, அதுல ரெண்டாவது கட. நம்மூரு மிக்ஸிதான் ரிப்பேரு பாக்குறாரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் மட்டும் போவாத, கூட்டம் அள்ளும்" என்றார் மச்சான்.

"அந்தப் பக்கம் மிக்ஸி கடையே கெடையாது" என்றேன் நான். இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தை உறுதியாகச் சொல்வதற்குத்தானே மனிதன் வெளிநாடு வருகிறான்?

"போய்ப் பாருங்க மாப்ள. ஆமா, அங்கேருந்து எப்படிப் போவீங்க?"

"எப்படின்னா? டோபி காட் போயி ரயில் மாறணும்."

"எதுக்கு அவ்வளவு தூரம் போயித் திரும்புறீங்க? நியூட்டன்ல எறங்கி நீலக் கோட்டுக்கு மாறினா நேரா லிட்டில் இந்தியா, தேக்கா வாசல்லயே எறங்கலாமே."

நான் வந்த புதிதில் அந்த நீலக் கோடு கிடையாது. டோபி காட்டில் மாறுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. இடையில் பூமிக்கு அடியில் புது ரயிலே விட்டுவிட்டார்கள்; யாரும் எனக்குத் தனியாகக் கடிதம் போடவில்லை. சுமதி நியூட்டனில் மாறிப் போனாள். சந்து இருந்தது. இரண்டாவது கடை இருந்தது. அந்த ஜாரில் அரைத்த தேங்காய்ச் சட்னி அன்று எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரிய, என் பழைய செல்வாக்கைச் சொல்ல வேண்டும். முதல் விடுமுறையில் போனபோது, மச்சான் கடை முன்னால் பெஞ்சு போட்டு என்னை உட்காரவைத்தார்கள். சிங்கப்பூரைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அதுதான் செய்தி. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் என்றேன். மழை தினமும் நாலு மணிக்கு வந்து ஐந்து மணிக்கு நிற்கும் என்றேன். கேட்டவர்கள் வாய்பிளந்தார்கள். மச்சான் மட்டும் எதுவும் கேட்கமாட்டார்; தராசில் ஆணி நிறுத்தபடி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருப்பார். போன முறை போனபோது பெஞ்சு அதே இடத்தில் இருந்தது, அதில் பெயிண்ட் டப்பாக்கள் இருந்தன. பழைய நினைப்பில் கடல் கதையை மறுபடி எடுத்தேன். மச்சான் கைப்பேசியில் எதையோ தேய்த்துப் பெரிதாக்கி என் முன் நீட்டினார். எங்கள் பிளாக். எங்கள் ஜன்னல். "ஒங்க ஜன்னலுக்கு நேரா கார் பார்க்தானே மாப்ள இருக்கு?"

அந்த மனிதருக்குச் சிங்கப்பூரைக் காட்டியது முழுக்க இணையம்தான். கடையில் ஆள் வராத நேரமெல்லாம் யாரோ கேமராவோடு நடந்துபோகும் வீடியோக்களைப் பார்ப்பார். எந்த நிலையத்தில் எந்த வாசல், எந்தச் சாப்பாட்டுக் கடைக்கு எந்தக் கிழமை விடுமுறை எல்லாம் அத்துப்படி. எனக்கோ சிங்கப்பூர் என்றால் இரண்டு புள்ளிகள். மார்சிலிங்கில் பிளாக் அடியில் கம்பெனி பஸ் ஏறிக் கண்ணை மூடுவேன்; திறந்தால் சாங்கி விமான நிலையம், சரக்குக் கிடங்கு. பதினேழு வருஷமாக இந்தத் தீவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தூங்கியபடியே போய்வந்திருக்கிறேன். விழித்திருக்கும் நேரத்தில் நான் பார்ப்பது வேறு பக்கம்: எங்கள் ஊருக்கென்று இணையத்தில் யாரோ நடத்தும் செய்திப் பக்கம். மச்சான் வீடு இருக்கும் பந்தலடியில் குழி தோண்டினால் எனக்குத் தெரியும். சுமதி கேட்பாள்: "மன்னார்குடியில எப்ப கரண்ட் போவும்னு ஒங்களுக்குத் தெரியுது. நம்ம பிளாக்ல லிஃப்ட் மூணு நாளா ரிப்பேரு, அது தெரியுதா?" எனக்குத் தெரியாதுதான். கீழே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம்.

இப்படியிருக்கையில், மச்சான் ஐந்து நாள் சுற்றுலா விசாவில் வருகிறார் என்று சுமதி அறிவித்தாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் இல்லை. எனக்கு வியர்த்தது. வழி தெரியாமல் எங்காவது நான் விழிக்க, அவர் "இப்படி வாங்க மாப்ள" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் காட்சி கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சுமதிக்கு முன்னால் அது நடந்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் என்னிடம் மணி என்ன என்றுகூடக் கேட்கமாட்டாள். ஆகவே ஒத்திகை பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஆமாம், நான் வாழும் ஊருக்கு. வாராந்திர விடுப்பு நாள் ஒன்றில், வீட்டில் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு, மச்சான் பார்க்கும் அதே வீடியோ ஒன்றைக் கைப்பேசியில் ஓடவிட்டுக்கொண்டு லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். வீடியோக்காரன் வலது பக்கம் திரும்பினான், நானும் திரும்பினேன். சுவர். தவறான வாசலில் ஏறியிருக்கிறேன்.

எப்படியோ தேக்கா சாப்பாட்டு அங்காடிக்குள் புகுந்து மூச்சு வாங்கியபோது, பானக் கடைச் சீன அங்கிள் என் கைப்பேசியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் டைம் சிங்கப்பூர் ஆ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால், பதினேழு வருஷம் இருப்பவன் ஏன் வீடியோ பார்த்து நடக்கிறான் என்று விளக்க வேண்டும். அதற்கு என் ஆங்கிலம் போதாது, என் மானமும் போதாது. "யெஸ்" என்றேன்.

"ஃப்ரம் வேர்?"

"சென்னை." பொய்தானே, பெரிய ஊராக இருக்கட்டும்.

"ஹவ் லாங்?"

"த்ரீ டேஸ்."

அங்கிள் நல்ல மனிதர். இஞ்சி டீயை வைத்துவிட்டு, குப்பையைக் கீழே போடக்கூடாது, சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும், ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றுக்கும் ஆச்சரியப்பட்டேன்.

மச்சான் வந்தார். ஞாயிறு காலையிலேயே மூவரும் கிளம்பினோம். நியூட்டனில் ரயில் மாறும்போது அவர்தான் முன்னால் நடந்தார். நான் பெட்டி தூக்கி வந்தவன்போலப் பின்னால். நகரும் படியில் ஏறியதும் ஒழுங்காக இடது ஓரம் ஒதுங்கி நின்றார். வலது பக்கம் மறித்து நின்ற என்னை ஒரு பெண் "எக்ஸ்கியூஸ் மீ" என்று தள்ளாத குறையாகத் தாண்டிப்போனாள். ஏதாவது ஒரு கடை மாறியிருக்கட்டும், ஒரு வாசல் பூட்டியிருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே வந்தேன். எல்லாமே வீடியோவில் இருந்த இடத்தில் அப்படியே இருந்து தொலைத்தது.

"இங்க ஒரு கடையில இஞ்சி டீ நல்லா இருக்குமாம்" என்று சொல்லி அவர் நேராகப் போய் நின்றது அந்த அங்கிள் முன்னால். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் உடம்பு வாகுக்கு அந்தத் தூண் போதவில்லை.

"எய், சென்னை! யூ ஸே த்ரீ டேஸ் வாட்! ஓவர்ஸ்டே ஆ?"

மச்சான் முகம் வெளுத்தது. விசா முடிந்து தங்கினால் என்ன தண்டனை என்பதையும் அவர் ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். "மாப்ள, என்ன இது, விசா எதுவும் பிரச்சனையா? எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சென்னையா?" என்றாள் சுமதி. "நீங்க எப்பங்க சென்னையிலேருந்து வந்தீங்க?"

சொன்னேன். ஓவர்டைம் பொய், வீடியோ, சுவர், எல்லாவற்றையும். சுமதி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கட்டுமான ஊழியர்கள் விஷயம் தெரியாமலே சிரிக்கத் தொடங்கினார்கள். அங்கிளுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. மச்சானைக் காட்டி என்னிடம் சொன்னார்: "யூ லக்கி லா. காட் லோக்கல் ஃப்ரெண்ட் டேக் யூ அரவுண்ட்."

மச்சான் சிரிக்கவில்லை. டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னைய லோக்கல்னு சொல்லிட்டாரு பாத்தீங்களா மாப்ள?"

"அவருக்கென்ன தெரியும், விடுங்க."

"சிங்கப்பூர் வேலைக்கு ஒங்களுக்கு முன்னாடி நான்தான் மாப்ள எழுதிப் போட்டேன். ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் பர்மிட் ஆவலன்னு ஏஜென்ட் சொல்லிட்டாரு. அப்புறம் ஒங்களுக்குக் கெடச்சுது, இவளக் கட்டிக் குடுத்தோம். நான் கடைய வச்சேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "இந்தத் தெருவுல நான் எத்தன தடவ நடந்திருப்பேன்னு கணக்கே கெடையாது, போன்லதான். நீங்க பஸ்ல தூங்கிக்கிட்டே போறீங்கன்னு சுமதி சொல்லும்போதெல்லாம் வயிறு எரியும். எனக்குக் கெடச்சிருந்தா கண்ண மூடியிருக்க மாட்டேன்யா."

சுமதி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், என்னைப் பார்த்தும் பொறாமைப்பட ஒரு ஆள் இருக்கிறார் என்று கேட்டதும் முதலில் எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. டீ ஆறத்தொடங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது. உள்ளே வந்துவிட்டவன் ஊரைப் படிக்காமல் தூங்கினான். வர முடியாதவர் உட்கார்ந்து படித்தார். ஒரேயடியாகத் திரும்பிப் போக முடியாத நானும் அதே வேலையைத்தான் பந்தலடியை வைத்துக்கொண்டு செய்கிறேன்.

ஐந்து நாள் முடிந்து அவரைச் சாங்கியில் ஏற்றிவிட்டபோது, "ஒங்க கிடங்கு எந்தப் பக்கம் மாப்ள? அதுக்கு மட்டும் வீடியோவே இல்ல" என்றார். ஓடுபாதைக்கு அப்பால் சாம்பல் நிறக் கூரைகளைக் காட்டினேன். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து நெடுநேரம் பார்த்தார். ஐந்து நாளில் நான் அவருக்குக் காட்டிய ஒரே இடம் அதுதான்.

அடுத்த வாரம் எனக்குப் பகல் ஷிஃப்ட். பதினோரு மணி, பிளாக் அடியில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றேன். வழக்கம்போல ஊர்ப் பக்கத்தைத் திறந்தேன். பந்தலடிப் பகுதியில் பராமரிப்புக்காக ஒன்பது மணி முதல் மின்தடை. அங்கே அப்போது எட்டரை. "மச்சான், ஒன்பதுக்கு கரண்ட் போயிடும், ஒடனே மோட்டார் போடுங்க" என்று தட்டி அனுப்பினேன். என்னுடையது போய்ச் சேர்வதற்குள் அவருடையது வந்து நின்றது: "மாப்ள, ஒங்க பக்கம் இன்னும் பத்து நிமிஷத்துல மழை. குடை இருக்கா?"

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பையிலிருந்து குடையை எடுத்து விரித்தேன். பஸ்ஸுக்கு நின்ற சீன ஆன்ட்டி என்னையும் வெயிலையும் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. "மோட்டார் போட்டாச்சு மாப்ள." மன்னார்குடியில் என் பேச்சைக் கேட்டு ஒரு தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. மார்சிலிங்கில் நான் காய்ந்த குடைக்குக் கீழே நின்று, மழைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.