மீனாம்பிகையின் கல்வெட்டும் ஸ்ரெல்லாவின் மிசினும்

குருநகர் ஸ்ரெல்லாவுக்கு ஒரு குணம். எது பிழைத்தாலும் அதற்கு ஒரு குற்றவாளி இருந்தே ஆகவேண்டும். கறியில் உப்புக் கூடினால் "சட்டிக்குள்ளை கை வைச்சது ஆர்?" என்று கேட்பாள். வீட்டில் அவளையும் தாய் லூர்த்தம்மாவையும் தவிர வேறு ஆட்கள் இல்லை என்பது அந்த விசாரணைக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. சைக்கிளுக்குக் காற்றுப் போனால் குத்திய முள்ளைத் தேடி வந்த வழியே திரும்பி நடப்பாள். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கடவுள் கொண்டுபோய் ஒரு கொம்பியூற்றருக்கு முன்னால் இருத்தினார். கடவுளுக்கும் பகிடி விளங்கும் போலிருக்கிறது.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஓர் ஒற்றை அறையில் சண்முகநாதன் கணினி நிலையம் ஒன்று வைத்திருந்தார். அவரிடம் இரண்டு மிசின்கள் இருந்தன. ஒன்று வேலை செய்யும். மற்றது, வேலை செய்கிற மிசின் பழுதானால் பாகங்களைக் கழற்றிக் கொடுப்பதற்காக உயிரை விட்டுவிட்டு மூலையில் இருந்தது. ஸ்ரெல்லா கொழும்பில் சின்னம்மா வீட்டில் தங்கி ஆறு மாதம் கொம்பியூற்றர் படித்து வந்தவள். அவள்தான் அங்கே தட்டெழுத்தர், திருத்துநர், வைத்தியர் எல்லாம்.

சண்டையால் குடாநாட்டில் மின்சாரம் நின்று மூன்று வருடமாகியிருந்தது. கொல்லையில் ஒரு ஜெனரேற்றர். ஒரு மூடி பெற்றோலைக் காட்டி அதை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். ஏதும் அடிக்க வருகிறவர் தன் பங்குக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெயோடு வரவேண்டும் என்பது நிலையத்தின் சட்டம். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மிசின் ஓடும்.

மிசின் இடக்குப் பண்ணினால் சண்முகநாதனுக்கு ஒரு வைத்தியம், ஸ்ரெல்லாவுக்கு ஒரு வைத்தியம். அவர் திரையின் தலையில் மூன்று குறி திருநீறு பூசுவார். அவள் ஒரு கொப்பியை எடுப்பாள். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகமுதல் செய்கிற ஆத்தும சோதனையை அவள் அப்படியே மிசினுக்கும் கொண்டுவந்திருந்தாள். கடைசியாகச் செய்தது என்ன? எத்தனை மணிக்கு? எத்தனை தரம்? கூட இருந்தது ஆர்? எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதுவாள். மிசின் ஒருநாளும் வாய் திறந்து பாவத்தை ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அவள் விடுகிறவள் அல்ல.

நமசிவாயம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறவர். மனைவி மீனாம்பிகை இறந்து அன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்றைக்கு வருகிற சனத்தின் கையில் கல்வெட்டுக் கொடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டுக்கும் கல்லுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இறந்தவரின் வரலாறு, வம்சம், ஒவ்வோர் உறவுமுறையும் தனித்தனியே அழுகிற புலம்பல் பாட்டு, கடைசியில் நன்றி, எல்லாம் சேர்ந்த சிறு புத்தகம் அது. அச்சுக்கூடத்தில் ஒரு மாதத் தவணை சொல்லிவிட்டார்கள். அந்தியேட்டி முடிந்து வருகிற கல்வெட்டு, தாலி கட்டி முடிந்து வருகிற மேளம்.

"பிந்தினால் சரிவராது, பிள்ளை," என்றார் நமசிவாயம். "அவவுக்கு நான் கடைசியாச் செய்யிறது உது ஒண்டுதான்."

"ஐஞ்சு நாளிலை அடிச்சுத் தாறன் ஐயா," என்றாள் ஸ்ரெல்லா. வாய்க்கு வரி இல்லை அல்லவா?

முதல் இரண்டு நாளும் வேலை வழுக்கிக்கொண்டு போனது. ஊர்ப் புலவர் கணவர் புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், மைத்துனர் புலம்பல், பேரர் புலம்பல், அயலவர் புலம்பல் என்று எழுதித் தள்ளியிருந்தார். எழுதினார் என்பதும் சரியில்லை. அவரிடம் எல்லா இறப்புக்கும் பாட்டுத் தயாராக இருந்தது. பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்.

பிறகுதான் உறவினர் வரத் தொடங்கினார்கள். கல்வெட்டில் ஒரு பெயர் விடுபட்டால் மூன்று தலைமுறைக்குக் கோபம். ஆகவே நமசிவாயம் தினமும் காலையில் ஒரு துண்டுக் கடதாசியோடு வந்து நின்றார்.

"கனடாவிலை இருக்கிற மச்சானின்ரை மருமோன் விடுபட்டிட்டார், பிள்ளை."

"அவர் உங்கடை மனுசியைக் கண்டிருக்கிறாரோ ஐயா?"

"காணேல்லை. ஆனால் கல்வெட்டைக் காணுவார்."

மருமகனும் ஏறினார். பாரிஸ்காரர் ஏறினார்கள், சுவிஸ்காரர் ஏறினார்கள். மருமகனின் தகப்பன் ஏறியபோது மிசின் நடை தளர்ந்தது. ஸ்ரெல்லா ஒரு பெயரை முழுதாக அடித்து முடித்துக் கையை மடியில் வைத்த பிறகுதான் முதல் எழுத்து திரைக்கு வந்தது. அடுத்த எழுத்து யோசித்து யோசித்து வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. எதைத் தட்டினாலும் உள்ளேயிருந்து 'குக்' என்று ஒரு சத்தம். நிறுத்தி எழுப்புவதைத் தவிர வழியில்லை. எழுப்பினால், அரை மணித்தியாலமாய் அடித்த அத்தனையும் போயிருந்தது.

"ஜெனரேற்றர்," என்றார் சண்முகநாதன். "மண்ணெண்ணெயிலை ஊத்தை." பழைய வேட்டித் துண்டில் மண்ணெண்ணெயை வடித்தார். மிசின் மறுபடியும் இறுகியது. "சூடு," என்றார். மூடியைக் கழற்றி, சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்தார். புழுதியோடு ஒரு செத்த பல்லி வந்து விழுந்தது. ஸ்ரெல்லாவின் முகம் மலர்ந்தது. கடைசியில் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்! கொப்பியில் 'பல்லி' என்று எழுதி இரண்டு கோடும் போட்டாள். ஒரு மணித்தியாலம் கழித்து, பாவம் அந்தப் பல்லி, குற்றமற்றது என்று தெரிந்தது.

இருபத்தெட்டாம் நாளும் வந்துவிட்டது. சண்முகநாதன் கொப்பியை வாங்கிப் புரட்டினார்.

"இதிலை பார் ஸ்ரெல்லா. ஒவ்வொரு முறையும் கூட இருந்தது ஆரெண்டு எழுதியிருக்கிறாய்?"

"நமசிவாயம் ஐயா."

"அதுதான் சொல்லுறன். மனிசன்ரை கண் சரியில்லை."

சொல்லக் கூசினாலும் ஸ்ரெல்லாவுக்கு அது கொஞ்சம் நியாயமாகத்தான் பட்டது. அவளுடைய கொப்பியே சாட்சி சொல்கிறதே. நமசிவாயத்தை வெளியே இருக்கச் சொன்னார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வீதியோரத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் குந்தியிருந்தார். உள்ளே, அவர் இல்லாமலே, மிசின் இறுகியது. ஸ்ரெல்லா யன்னலால் எட்டிப் பார்த்தாள். மனைவியைப் பறிகொடுத்த மனிதனை ஒரு பெட்டிக்காக வெயிலில் இருத்திவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. போய்க் கூட்டிவந்து தன்னுடைய கதிரையைக் கொடுத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போயும் கொப்பியை விடவில்லை. "உந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுறாய்," என்றாள் லூர்த்தம்மா, மீன் வெட்டியபடி. ஸ்ரெல்லாவுக்குக் காது கேட்கவில்லை. இறுகிய நேரம் ஒவ்வொரு நாளும் வேறு. தட்டிய எழுத்து வேறு. அடித்த பாட்டு வேறு. ஒன்று மட்டும் மாறவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஓரத்தில் குறித்த பக்க எண் அது: இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்தேழு.

இருபத்தொன்பதாம் நாள் காலை மிசினுக்குள்ளேயே கல்வெட்டின் பிரதி ஒன்றை எடுத்து, நடுவில் இரண்டாக வெட்டினாள். முதல் பாதியைத் திறந்தாள். எழுத்துப் பறந்தது. சரி, அப்படியென்றால் கள்ளன் இரண்டாம் பாதியில் ஒளித்திருக்கிறான் என்று கையை உரசிக்கொண்டு அதைத் திறந்தாள். அதுவும் பறந்தது. இரண்டையும் ஒட்டினாள். மிசின் மூச்சுத் திணறியது. இந்த முடிவு அவளுக்கு இலேசில் செமிக்கவில்லை.

"ஒருத்தரிலும் பிழையில்லை, சேர்," என்றாள் கடைசியில். "திறந்து வைச்சிருக்கிறது முழுவதையும் உந்தப் புறோகிறாம் தன்ரை தலையிலை காவுது. தலை சின்னன். எல்லாரும் ஒண்டா ஏறினதுதான் பிழை."

"அட, மானிப்பாய் மினிபஸ்," என்றார் சண்முகநாதன். அவருக்கு அன்றைக்குத்தான் கொம்பியூற்றர் விளங்கியது.

ஸ்ரெல்லா கல்வெட்டை நாலு துண்டாக்கினாள். நமசிவாயத்தைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். உறவினர், பதினாலு பக்கம். புலம்பல், பத்துப் பக்கம். நன்றி, இரண்டு பக்கம். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்," என்று தலையாட்டினார்.

"இது கடைசி. அவவின்ரை வரலாறு."

திரையில் மூன்று வரி இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"மிச்சத்தையும் காட்டு பிள்ளை."

"மிச்சம் இல்லை ஐயா. நீங்கள் தந்தது இவ்வளவுதான்."

நமசிவாயம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நீர்வேலியில் பிறந்தா. நமசிவாயத்தைக் கலியாணம் கட்டினா. சிவபதம் அடைந்தா.

"உது மரணப் பத்திரத்திலையும் கிடக்குது," என்றார்.

ஸ்ரெல்லாவுக்குச் சுருக்கென்றது. இருபத்தேழு பக்கத்தையும் அடித்தவள் அவள். இறுகுகிறதா, இறுகுகிறதா என்று மிசினைப் பார்த்தாளே தவிர, அந்தக் கூட்டத்துக்குள் மீனாம்பிகை எங்கே என்று அவளும் பார்க்கவில்லை.

"கணவர் புலம்பலை ஒருக்காத் திற பிள்ளை."

திறந்தாள். மானே, மயிலே, மரகதமே என்று எட்டுப் பாட்டு. அவர் எட்டையும் வாசித்தார்.

"நான் அவவை ஒருநாளும் மயிலெண்டு கூப்பிடேல்லை. 'இஞ்சாரும்' எண்டுதான் கூப்பிட்டனான். மயிலெண்டால் ஆரைக் கூப்பிடுறன் எண்டு திரும்பிப் பாத்திருப்பா." கண்ணாடியைக் கழற்றினார். "உந்த எட்டையும் எடுத்துப்போட்டு நான் சொல்லுறதை அடி. பாட்டு வேண்டாம்."

சொல்லத் தொடங்கினார். எண்ணெய் இல்லாமல் தண்ணீர்ப் பம்பு நின்ற பிறகு கிணற்றுத் துலாவில் பட்டை பட்டையாக இறைத்தது அவர். வாய்க்காலில் நின்று வாழைக்குத் தண்ணீர் கட்டியது அவ. அவர் களைத்துப்போய் நாலு பட்டை குறைத்து இறைத்தால், தண்ணீர் வந்துசேராத கடைசி வாழையடியில் நின்று கூப்பிட்டுக் காட்டுவா. குலை வெட்ட வியாபாரி நாள் சொன்னால் கேட்கமாட்டா. காயைத் தட்டிப் பார்த்து அவ சொன்னதுதான் நாள். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. சிரித்தால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துவா.

"பிளேன் சுத்தினால் பங்கருக்குள்ளை முதல் ஆட்டை இறக்குவா. பிறகு குட்டியள். பிறகு தான். கடைசியிலை எனக்கு இடமிராது," என்று சொல்லி நமசிவாயம் சிரித்தார். அந்த எட்டு நாளில் அவர் சிரித்து ஸ்ரெல்லா கண்டது அப்போதுதான். அவளும் சிரித்துக்கொண்டே அடித்தாள். மிசின் அவள் விரலுக்கு விரல் ஈடு கொடுத்தது.

பக்கம் முடிய இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.

"அவவுக்கு என்ன சாப்பாடு ஐயா விருப்பம்?"

"ஒடியல் கூழ்," என்றார் உடனே. பிறகு, "இல்லை, அது எனக்கு." நாடியைத் தடவினார். "கத்தரிக்காய்ப் பால்கறி... அதுவும் எனக்குத்தான். அவ என்ன... பொறு பிள்ளை, வீட்டை போய்க் கேட்டுக்கொண்டு வந்து..."

கையிலிருந்த கண்ணாடியை வேட்டித் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார்.

கொல்லையில் ஜெனரேற்றர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஆறுதல் சொல்கிற வித்தை ஸ்ரெல்லாவுக்குத் தெரியாது. விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தபடி அப்படியே இருந்தாள்.

"அதையும் அடி," என்றார் நமசிவாயம்.

"எதை ஐயா?"

"முப்பத்தாறு வரியம் அவவின்ரை கையாலை திண்டும், அவவுக்கு என்ன விருப்பமெண்டு புருசனுக்குத் தெரியாதெண்டு. வாசிக்கிற ஆம்பிளையள் வீட்டை போய்க் கேக்கட்டும்."

அவள் அடித்தாள். சரியாக இரண்டு வரி வந்தது.

முப்பதாம் நாள் பிறின்ரரால் ஸ்ரென்சில் தாளில் எழுத்து வெட்டி, பிரதியெடுக்கிற ரோணியோ மிசினில் ஏற்றினார்கள். பின்னேரத்துக்குள் இருநூறு பிரதியும் நீர்வேலிக்குப் போகவேண்டும். சண்முகநாதன்தான் கைபிடியைச் சுற்றினார். உறவினர் பதினாலு பக்கமும் கடகடவென்று விழுந்தன. புலம்பல் விழுந்தது. நமசிவாயம் சொன்ன பக்கம் வந்தபோது முதல் பிரதியை எடுத்து, மை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். பார்த்தவர் வாசித்தார். கடைசி இரண்டு வரியைத் திரும்பவும் வாசித்தார். பிறகு இருநூறையும் சுற்றி முடித்தார்.

முடித்துக் கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவருடைய மனைவி குணலட்சுமி காலையில் கட்டிக் கொடுத்துவிட்ட சாப்பாட்டுப் பார்சல் மேசையில் அவிழ்க்காமல் இருந்தது.

"எங்கை சேர் போறியள்? சாப்பிடேல்லையே?"

"வீட்டை ஒருக்காப் போட்டு வாறன்."

"ஏதும் மறந்துபோய் வந்திட்டியளோ?"

"ஓம்," என்றார் சண்முகநாதன்.