மயிலாள் பொறுக்கிய கரி

எங்கள் வீட்டு வாசலில் பதினோரு வருஷம் துணி தேய்த்தவள் மயிலாள். அவளை அந்த வாசலை விட்டுத் துரத்தியவர் என் கணவர். பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டு பார்த்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவள் என்னவோ உத்தமி மாதிரி கதை சொல்கிறாளே என்று பிறகு யாரும் நினைக்க வேண்டாம்.

நல்லூரில் கீழே எங்கள் பனியன் கம்பெனி, மேலே வீடு. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவளுடைய தள்ளுவண்டி. அதன்மேல் இஸ்திரிப் பெட்டி, அடியில் கரி மூட்டை. கரி விஷயத்தில் அவளை ஏமாற்ற ஆள் கிடையாது. கடைக்காரர் இறக்கிய மூட்டையை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டாள். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவாள். கணீர் என்றால் வெந்த கரி. மொத்தென்றால் தூக்கி எறிந்துவிடுவாள்.

"இது அரவேக்காடுங்க்கா. பொகையும், பொறி தெறிக்கும். சட்டைல ஓட்டை விழ ஒரு பொறி போதுமுங்க."

அவள் தேய்த்த சட்டையில் ஒரு பொட்டு ஓட்டையை நான் பார்த்ததில்லை.

அவளிடம் ஒரு கிறுக்கும் உண்டு. கிறுக்கு என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். மழை கொட்டினாலும் கரி கனியும் இஸ்திரிப் பெட்டியைக் கூரைக்குள் கொண்டுவர மாட்டாள். கம்பெனிக்குள் வந்து தேய்க்கச் சொல்லி டெய்லர்கள் கூப்பிட்டாலும், தார்ப்பாயை விரித்துக் கட்டிக்கொண்டு வெளியேதான் நிற்பாள். அவள் கணவர் மணியன் ஒரு மழைநாளில், கனிந்த கரிப்பெட்டியை உள்ளே வைத்திருந்த அறையில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. துணி கொடுக்கப் போயிருந்த மயிலாள் திரும்பி வந்து பார்த்தபோது உயிர் இல்லை. மாரடைப்பு என்றது ஊர். கரிதான் கொன்றது என்றாள் இவள். "பொகையே இல்லாம கரி எப்படிக்கா கொல்லும்?" என்று கம்பெனிப் பெண்கள் சீண்டுவார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

2007 ஐப்பசியில் என் மகள் தேவிப்பிரியாவுக்கு எட்டாவது பிறந்த நாள். அந்த வருஷம் எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் என் கணவருக்கு ஒரு பார்பிக்யூ அடுப்பைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று காலில் நிற்கும் சிவப்புத் தகர அடுப்பு, மூடியோடு. ஒரு கையால் தூக்கிவிடலாம். அதில் கோழி சுட்டுச் சொந்தக்காரர்களை அசத்த வேண்டும் என்று இவருக்கு ஆசை. சாயங்காலம் மொட்டைமாடியில் கரியைக் கொட்டி, மேலே பனியன் வேஸ்ட்டுத் துணியைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். பாலியஸ்டர் கலந்த வேஸ்ட். உருகி ஒட்டிக்கொண்டு, நாற்றம் தெருமுனை வரை போனது. கரி மட்டும் பற்றவில்லை.

மயிலாளைக் கூப்பிடச் சொன்னது நான்தான். வந்தவள் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க மொதலாளி, மண்ணெண்ணெய் ஊத்திச் சுட்டா கோழி திங்கற மாதிரியா இருக்கும்?"

எல்லாவற்றையும் வழித்துக் கொட்டினாள். தன் மூட்டையிலிருந்து ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்கினாள். அடியில் தேங்காய் நார், அதன்மேல் உடைத்த கொட்டாங்குச்சி, பிறகு பொடிக்கரி, மேலே பெரிய துண்டுகள். காற்றுப் போக இடம் விட்டு அடுக்கி, நாரில் தீயை வைத்து அட்டையால் விசிறினாள். இவர் உடனே கறியை எடுத்து வைக்கப் போனார்.

"பொறுங்க. மேல வெள்ளையா நீறு பூக்கோணும். அதுக்கப்பறம் வெய்ங்க."

கால்மணி நேரத்தில் புகை சுத்தமாக நின்றுவிட்டது. கரி உள்ளுக்குள் சிவந்து கிடந்தது. இவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

முதல் தட்டுக் கறி வெந்து இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பைத் தூக்கி ஹாலுக்குள் வைக்கச் சொன்னார். ஏசி ஓடிக்கொண்டிருந்த ஹால், சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. டிவி முன்னால் ஏழெட்டுக் குழந்தைகள்.

மயிலாள் குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாமுங்க மொதலாளி. உள்ள கொழந்தைங்க இருக்குது."

"பொகை எங்க வருது, சொல்லு? நீதான நல்ல கரியாப் பொறுக்குன?"

"நல்ல கரிங்கறதாலதானுங்க சொல்றேன். கெட்ட கரின்னா கண்ணெரிஞ்சு நாமளே வெளிய ஓடிருவோம். இது ஒண்ணுமே காட்டாதுங்க."

"நல்ல நாளும் அதுவுமா உன்ற கதைய ஆரம்பிச்சுடாத. கீழ போ."

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதோ வேலை இருப்பதுபோல அடுப்படிக்குப் போய்விட்டேன்.

முக்கால் மணி நேரம் இருக்கும். தேவிப்பிரியா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "தல வலிக்குதும்மா" என்றாள். டிவி பார்த்ததால் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கே தலை கனத்துத்தான் இருந்தது. மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்து, "செத்த நேரம் படு கண்ணு, செரியாப் போயிரும்" என்று சோபாவில் படுக்க வைத்தேன். நிமிர்ந்தால் வாசற்படியில் மயிலாள். அவள் கீழே போகவே இல்லை.

நேராகக் குளியலறைக்குள் போனாள். வாளித் தண்ணீரோடு வந்தாள். யாருக்கும் என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் மொத்தத் தண்ணீரையும் அடுப்பில் கொட்டினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பி, கேக்கில், கறியில், என் நாத்தனாரின் பட்டுச்சேலையில் எல்லாம் சாம்பல். அவள் பாட்டுக்கு ஒவ்வொரு சன்னலாகத் திறந்துகொண்டு போனாள்.

என் கணவர் பேசிய பேச்சை எழுத எனக்குக் கை கூசுகிறது. கடைசியில், "நாளைலிருந்து உன்ற வண்டி எங்க வாசல்ல நிக்கக் கூடாது" என்றார்.

"செரிங்க. சன்னல மட்டும் மூடிறாதீங்க."

மறுநாள் காலையில் மரத்தடியில் கொஞ்சம் சாம்பல் மட்டும் கிடந்தது. சோமனூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். பாப்பாவுக்குத் தலைவலி ராத்திரியே விட்டுப்போயிருந்தது. "பாத்தியா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் இவர். நானும் தலையாட்டினேன். ஒன்றும் ஆகாமல் போனதே அவள் பேரில் குற்றமாகிவிட்டது.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது பரணிலிருந்து அந்த அடுப்பு வந்த அட்டைப்பெட்டி விழுந்தது. உள்ளே ஒரு சின்னப் புத்தகம், என்ன பாஷையோ. ஆனால் படத்துக்குப் பாஷை எதற்கு? ஒரு வீடு, வீட்டுக்குள் மூன்று கால் அடுப்பு, பக்கத்தில் கீழே கிடக்கும் மனிதன். மேலே பெரிதாகச் சிவப்பில் பெருக்கல் குறி. அன்றைக்கு அந்த ஹாலில் இருந்த ஒவ்வொரு குழந்தையின் முகமும் நினைவுக்கு வந்தது. இவரிடம் காட்டினேன். படத்தைப் பார்த்துவிட்டு, "போய்க் கூட்டிட்டு வா" என்றார். தானே போக அவருக்குத் தைரியம் இல்லை.

சோமனூரில் ஒரு தறிக்கூடத்துக்கு எதிரே வண்டி நின்றிருந்தது. அங்கே மரம் இல்லை. வெயிலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். "மயிலாக்கா" என்றேன். பதினோரு வருஷத்தில் அவளை நான் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. புத்தகத்தை விரித்துக் காட்டினேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கீழே கிடந்த அந்த மனிதன் படத்தையே பார்த்தாள்.

"நீங்க சொன்னதுதானுங்க நெசம். எங்கள மன்னிச்சிருங்க" என்றேன்.

"சின்ன அம்மணிக்கு அப்பறம் தலவலி வந்துச்சுங்களா?"

"இல்லீங்க்கா."

புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கூட்டுக்காரரும் மொதல்ல தலவலின்னுதானுங்க சொன்னாரு. நாந்தான் மாத்திரை குடுத்து, செத்த படுங்க செரியாப் போயிருமுன்னேன். சாரல் அடிக்குதுன்னு கதவயும் நாந்தானுங்க சாத்திட்டுப் போனேன். இத்தன வருசமா யாருகிட்டயும் இதச் சொல்லல. அன்னைக்கு வாசப்படில நின்னு நீங்க மாத்திரை ஒடைக்கறதப் பாத்தனுங்க."

பெட்டியை எடுத்து அடுத்த சட்டையில் வைத்தாள். திரும்பி வாருங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்க வாய் வரவில்லை.