கொள்ளை மாடுகளும் பரமலிங்கம் அண்ணையும்

செய்தி வந்தபோது நான் லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன் எடுத்தது பரமலிங்கம் அண்ணையின் மகள் மைதிலி. "அன்ரி, அப்பா விடியப்புறம் மோசம் போனார்" என்றாள். கையில் இருந்த வெண்டிக்காயைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். "நான் இருக்கும் வரைக்கும் வாய் திறவாதையும். பிறகு கட்டாயம் சொல்லும்" என்று ஒரு விசயத்தை அவர் என்னிடம் ஒப்படைத்திருந்தார். அந்தப் 'பிறகு' வந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மைதிலி கேட்டாள். "நல்ல மனிதர், நாலு பேருக்கு உதவியவர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பலாம் என்றுதான் பார்த்தேன். அவள் விடவில்லை. "அதை எழுத ஆக்கள் இருக்கினம் அன்ரி. அப்பா உங்களிட்டைச் சொன்னதை நீங்கள் எழுதுங்கோ. ஆஸ்பத்திரியிலை எனக்கும் எல்லாம் சொன்னவர்" என்றாள். ஆகவே அவரைத் தெரிந்த உங்களுக்கு, அதிலும் வன்னியில் எங்கள் ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்ந்தவர்களுக்கு, இதை எழுதுகிறேன். இதை வாசித்து முடித்த பிறகு உங்களில் சிலர், அட்டையில் இருக்கிற அவருடைய படத்தைக் குப்புற வைக்கக்கூடும்.

நான் ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்தது இரண்டாயிரத்து மூன்றில். நகர நடுவில் ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கூடக் காவலாள் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் சம்பளம். முதல் நாளே அங்கே ஒரு தமிழ் முகத்தைக் கண்டேன். பரமலிங்கம் அண்ணை வன்னியில் கால்நடை வைத்தியக் கந்தோரில் உதவியாளராக இருந்தவர். சனம் அவரை 'மாட்டு டொக்டர்' என்றே கூப்பிட்டதாம். "தங்கச்சி, நீர் எந்த ஊர்?" என்று சந்தோசமாகத்தான் கேட்டார். சொன்னேன். அவருடைய கையில் இருந்த வோக்கி டோக்கி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஒரு கிழமை முழுக்க என் கண்ணில் படாதபடி ஷிப்ட் மாற்றிக்கொண்டார். மனிதர் சாதி பார்க்கிறாராக்கும் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வாய் சும்மா இராது. "நான் உங்களைக் கடிக்க மாட்டன் அண்ணை" என்று நேரே போய்ச் சொன்னேன். "கடிச்சாலும் பிழையில்லை" என்றார். விசர் மனிதர் என்று முடிவு கட்டினேன்.

உங்களில் பலர் அவருக்குத் தலைக்கனம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆர்ச்வே கோயிலடிக்கு வருவார், உள்ளே வரமாட்டார். வீதியின் எதிர்ப்பக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டு ரயிலுக்கு நடப்பார். கலியாண வீட்டில் கதவைப் பார்த்தபடி இருக்கிற கதிரையில்தான் இருப்பார். எங்கள் கூடத்துக்குள் ஒரு தமிழ்க் குடும்பம் நுழைந்தால், பொட்டைக் கண்டவுடனேயே அடுத்த அறைக்கு மாறிவிடுவார். ஒருநாள் பகிடியாக, "என்ன அண்ணை, ஊரிலை ஆரின்ரையேன் மாட்டைக் களவெடுத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டேன். அவருடைய உதடு வெளுத்துப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். அன்றிலிருந்து அவருடைய பயம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. யாராவது அவரை உற்றுப் பார்த்தால் நானும் திரும்பிப் பார்ப்பேன். எதற்கு என்று எனக்குத் தெரியாது.

எங்கள் கூடத்தின் சுவர் நீளத்துக்கு அசீரிய அரசர்களின் செதுக்குக் கற்கள் நிற்கின்றன. ஊர் பிடித்த கதைகள். ஒரு கல்லில் சிப்பாய்கள் பிடிபட்ட ஊரின் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அண்ணை எப்போதும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். "கல்லு மாட்டுக்கும் காவலோ?" என்று கேட்டேன். "ஓம். ஆரும் சாய்ச்சுக்கொண்டு போயிடுவினம்" என்றார். அந்த அரசர்கள் பிடித்த ஊர்களில் இஸ்ரவேலருடைய ஊர்களும் இருந்தன என்று அவர்தான் சொன்னார். "பாவம் அந்தச் சனம்" என்றேன். "பாவம்தான். ஆனால் தாங்கள் வெண்ட நேரம் அவையும் இதைத்தான் செய்தவை" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் லைப்ரரியிலிருந்து தடித்த புத்தகங்களாகக் கொண்டுவந்து இடைவேளையில் வாசிப்பார். பழைய இஸ்ரவேலரின் ஒரு வழக்கம் அவரை விடாமல் பிடித்திருந்தது. சண்டையில் பிடித்த ஆடு, மாடு, கழுதையை இரண்டாகப் பிரிப்பார்களாம். ஒரு பாதி சண்டைக்குப் போனவர்களுக்கு. மற்றப் பாதி வீட்டில் இருந்த சனத்துக்கு. இரண்டிலிருந்தும் ஒரு சின்னப் பங்கு கடவுளுக்கும் அவருடைய ஊழியக்காரருக்கும். "நல்ல நியாயமான சனம். எங்கடையாக்கள் எண்டால் பங்கு பிரிக்கிற இடத்திலையே இன்னொரு சண்டை பிடிச்சிருப்பினம்" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப சுத்தமான கை ஒண்டும் மிச்சமில்லை, தங்கச்சி. சண்டை பிடிச்சவனிட்டையும் இருக்கு, வீட்டிலை இருந்தவனிட்டையும் இருக்கு, சாமியிட்டையும் இருக்கு. பறிகுடுத்தவன் ஆரிட்டைப் போய்த் திருப்பிக் கேக்கிறது?" என்றார்.

வேறு சில சண்டைகளில் ஒரு ஆட்டைக்கூட உயிரோடு வைத்திருக்கக் கூடாது என்று கட்டளையாம். ஒரு அரசன் கொழுத்ததுகளை மட்டும் கொல்லாமல் வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று பொய் சொன்னானாம். பின்னால் நின்ற ஆடுகளும் மாடுகளும் கத்திக் காட்டிக் கொடுத்துவிட்டன. இதைச் சொல்லும்போது அண்ணை தன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஆரின்ர மாடும் எப்பவோ ஒருநாள் கத்தும்" என்றார். "விடுங்கோ அண்ணை, கல்லுக்கு முன்னாலை நிண்டு நிண்டு உங்களுக்கு மூளை கலங்கிப் போச்சு" என்று அதட்டினேன்.

ஒரு சனிக்கிழமை பிளேஸ்டோவிலிருந்து ஒரு தமிழ்ப் போதகர் தன் சபையாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணை அடுத்த அறைக்கு ஓடுவார் என்று பார்த்தால், நேரே போதகரிடம் போனார். "ஐயா, ஒரு கேள்வி. பிடிச்ச மாட்டிலை பழைய சொந்தக்காரன் சுட்ட குறி இருந்திருக்குமெல்லோ. அதை என்ன செய்தவை?" போதகர் நல்ல மனிதர். யோசித்துப் பார்த்தார். "அதைப்பற்றி ஒண்டும் எழுதியில்லை. வெண்டவை, அது கடவுள் தங்களுக்குத் தந்தது எண்டு நினைச்சிருப்பினம்" என்றார். "அது சரி. பறிகுடுத்தவன் என்ன நினைச்சவன்?" "அதுவும் எழுதியில்லைத் தம்பி." அறுபது கடந்த மனிதரைப் பார்த்துத் தம்பி என்றார். அண்ணை தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து நின்றார். வியர்வையில் அவருடைய சீருடையின் முதுகு நனைந்திருந்தது.

வன்னியில் சண்டை கடைசிக்கு வந்த அந்த வருடத்தை, இரண்டாயிரத்து ஒன்பதை, நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் தம்பியும் அவன் குடும்பமும் உள்ளே இருந்தார்கள். ஒரு தகவலும் இல்லை. கூடத்தில் கைத்தொலைபேசிக்குத் தடை. நான் அதைச் சப்பாத்துக்குள் செருகி வைத்திருந்தேன். அது அதிர்ந்தாலும் பயம், அதிராவிட்டாலும் பயம். சோறு இறங்காது. அப்படி ஒரு மத்தியானம், சாமான் வான்கள் வந்து நிற்கிற பின்முற்றத்தில் இருந்தபோது அண்ணை கேட்டார்: "நேற்று ரீவியிலை மாடுகளைப் பாத்தனீரோ? றோட்டு முழுக்கத் தனிய நிக்குது. ஆரோ பிடிக்கப் போகினம்."

எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கி எறிந்தேன். "என்ர தம்பி உயிரோடை இருக்கிறானோ தெரியேல்லை. நீங்கள் மாட்டைப் பாக்கிறியளோ?" என்று கத்தினேன். அவர் எழும்பிப் போகவில்லை. சிந்திய சோற்றைக் குனிந்து கூட்டி அள்ளினார். அள்ளிக்கொண்டே சொன்னார்.

"முந்தின இடப்பெயர்விலை, உங்கட பக்கத்துச் சனம் எல்லாம் ஓடின கிழமை, அவிட்டு விட்ட மாடுகளைச் சாய்ச்சுக்கொண்டு வந்து என்ர கந்தோருக்கு முன்னாலை விட்டவை. பழைய குறிக்கு மேலை புதுக்குறி சுடு எண்டு சொல்லிச்சினம். துவக்கோடை நிண்டவை. மூண்டு நாள் சுட்டனான்."

துப்பாக்கியோடு நின்ற அவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. லண்டனில் எங்கள் சனம் ஒருவரையொருவர் கேட்காத கேள்வி அது. அவரும் சொல்லவில்லை.

"பிறகு பங்கு பிரிச்சவை. நிண்டவைக்கு, வீட்டிலை இருந்தவைக்கு, எல்லாருக்கும். எனக்கும் ஒண்டு தந்தவை. கண்டு போட்ட பசு. வேண்டாம் எண்டு சொல்லப் பயம், வாங்கினனான். மைதிலி அந்தப் பாலைக் குடிச்சுத்தான் வளந்தவள்" என்றார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்கள் அருங்காட்சியக வரைபடத்தின் பின்பக்கம். அதில் பென்சிலால் மாட்டுக்குறிகள் கீறியிருந்தன. ஒரு சூலம், ஒரு வட்டத்துக்குள் எழுத்து, இரண்டு கோடு. "இரும்பை வைக்க முதல் ஒவ்வொரு குறியையும் ஒருக்கால் பாப்பன். அழிக்கிற நானெண்டாலும் ஞாபகம் வைச்சிருக்க வேணுமெல்லோ. கனக்க மறந்து போச்சு. இவ்வளவும்தான் மிச்சம்." அந்தத் தாளை என் மடியில் வைத்தார். "நீர் ஊர்ப் பெயரைச் சொன்ன நாள் தொடக்கம் இதைக் கேக்க நினைக்கிறன். ஏலாமல் கிடந்தது. தங்கச்சி, இதிலை உங்கட குறி இருக்கோ?"

அந்த இடப்பெயர்வில் எங்களைப் பெற்ற ஐயாவும் மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் போனார். நான் அப்போது ஜெர்மனியில். இரண்டாம் நாள், "மாட்டை ஒருக்கால் பாத்திட்டு வாறன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தனியே திரும்பிப் போனவர், வரவேயில்லை. மாடுகள் எதையும் கண்டாரா, கண்டு யாரிடமும் கேட்டாரா, எங்கே விழுந்தார், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் குறி ஒரு பிறை, அதன் கீழே 'க'. தாளில் மேலிருந்து மூன்றாவதாக அது இருந்தது.

"இல்லை" என்றேன்.

"வடிவாப் பாரும்."

"பாத்திட்டன் அண்ணை. எங்கட வேறை மாதிரி. வேல் போட்டிருக்கும்." வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். இரக்கத்தில் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் சொன்னேன். ஓம் என்று சொன்னால் அடுத்ததாக ஐயாவைப் பற்றிக் கேட்க வேண்டிவரும். மாட்டைத் தேடி ஒரு கிழவன் வந்தானா, நீங்கள் கண்டனீங்களா, துவக்கோடை நிண்டவை அவனை என்ன செய்தவை என்று கேட்க வேண்டிவரும். அவருக்கு விடை தெரிந்திருந்தால்? தம்பியும் இல்லை என்று எந்த நிமிடமும் செய்தி வரலாம் என்று இருந்த எனக்கு, அன்றைக்கு இன்னொரு சாவைத் தாங்க உடம்பில் பலம் இருக்கவில்லை.

அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தாளை நாலாக மடித்தார். "அப்ப நான் ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது?" என்றார். அதன் பிறகுதான் வாய் திறவாதையும், பிறகு சொல்லும் என்று கேட்டுக்கொண்டார். இருவரும் கூடத்துக் கல்லடிக்குத் திரும்பிப் போனோம்.

தம்பி தப்பிவிட்டான். முகாமிலிருந்து அவனுடைய குரலைக் கேட்ட அன்று முதலில் அண்ணையிடம்தான் ஓடினேன். என் தலையில் கை வைத்து அழுதார். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் படுக்கையில் விழுந்த பிறகு மூன்று தரம் பார்க்கப் போனேன். ஒவ்வொரு தரமும் யாராவது பக்கத்தில் இருந்தார்கள் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

மைதிலி அந்தத் தாளை என்னிடம் தந்திருக்கிறாள். அது கிங்ஸ்பரியில் என் வீட்டில் இருக்கிறது. உங்கள் குறியும் அதில் இருக்குமோ என்று நினைப்பவர்கள் வந்து பாருங்கள். அவரைத் திட்டுவதானாலும் என் வீட்டில் இருந்தே திட்டுங்கள், தேத்தண்ணி தருகிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் தாளும், அவர் கேட்ட கேள்வியும்தான். அதற்கு நான் சொன்ன பதிலை இந்த மலரில் வைத்துத் திருத்துகிறேன்.

அண்ணை, மேலை இருந்து மூண்டாவது எங்கட. நீங்கள் தேடின ஆள் நான்தான். ஆறு வருசமாய் உங்களுக்குப் பக்கத்திலைதான் நிண்டனான்.