தங்கை கொண்டுவந்த ஒயின்

என் தங்கை நர்ஸ் வேலைக்கு நியூசிலாந்து போனவள். தெற்கே, குளிர் மிகுந்த ஒரு பள்ளத்தாக்கில் சின்னதாகத் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் செய்யும் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். வெள்ளைக்காரனானாலும் எங்களைப் போலக் கத்தோலிக்கன் என்பதால் கோயிலில் அப்பாவுக்குத் தலைகுனிவு இல்லை. அதற்குமேல் அவளைப் பற்றி வீட்டில் பேச்சும் இல்லை.

அம்மா இறந்தபோது நான் அவளுக்குப் போன் செய்யவில்லை. நன்னிலம் பக்கம் இருந்த எங்கள் நிலம் முழுக்க அம்மா பேரில் இருந்தது. "இப்ப அவ வந்தான்னா பங்குப் பேச்சு எழும். அடக்கம் முடியட்டும், அப்பறம் எழுதிப் போடு" என்றார் அப்பா. தெருமுனையிலேயே எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதைத் தாண்டிப் போய்க் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டேன். போய்ச் சேர பதினோரு நாள் ஆனதாம். அவள் சண்டை போடவில்லை. "கடைசியா என்ன சாப்பிட்டாங்க?" என்று மட்டும் போனில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ரசம் சாதம் என்றேன்.

சில வருஷம் கழித்து, ஈஸ்டருக்கு வரச்சொல்லி நானே கூப்பிட்டேன். தன் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் தயார் செய்து வைத்திருந்தோம். அதைச் சொல்லவில்லை. அங்கே அது திராட்சை அறுப்பு நேரம். புருஷனைத் தோட்டத்தில் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள்.

ஈஸ்டர் மதியம் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில், கம்பளிச் சட்டைக்குள் சுற்றியிருந்த ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"அம்மா எறந்த வருஷம் நானே நட்ட கொடி வரிசைண்ணே. அதோட முதல் காய்ப்பு இது. பனி விழுந்தா தளிரு கருகிடும். தண்ணி பீச்சித்தான் காப்பாத்துனோம்."

"பனிக்குப் போயி யாராவது தண்ணி பீச்சுவாங்களா?" என்று சித்தப்பா சிரித்தார்.

"ஆமா சித்தப்பா. அந்தத் தண்ணி உறைஞ்சு தளிர மூடிக்கும். உள்ள உசுரு தங்கும்."

அடைப்பானைத் திருகி எடுக்கும் கருவியையும் அவளே கொண்டுவந்திருந்தாள். எவர்சில்வர் டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சிவப்பு வெளிறியிருந்தது.

"என்னம்மா, நன்னாரி சர்பத்துல தண்ணி கலந்த மாதிரி இருக்கு?" என்றார் சித்தப்பா.

"குளிர் ஊருல வெளையறது இப்படித்தான் இருக்கும். மோந்து பாருங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீ சொல்லு."

ஒரு வாய் குடித்தேன். முதலில் புளிப்பு. பிறகு நாவல்பழத்தின் துவர்ப்பு. விழுங்கப் போகும்போது, காய்ந்து கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் ஏறும்போது வருமே, அந்த மண்வாசனை. அப்படி ஒன்றை நான் குடித்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால் அவள் பெருமைப்பட்டு நின்றுவிட்டால், நாளன்றைக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவாள் என்று தோன்றியது. எழுந்து வாசல் பக்கம் போய் எல்லாரும் பார்க்கத் துப்பினேன்.

"காடி" என்றேன்.

கூடமே சிரித்தது. அப்பா டம்ளரைத் தொடவேயில்லை. "மிச்சத்தக் கறியில ஊத்தச் சொல்லு. முத்தல் கறி, வேகட்டும்." என் மனைவி பாட்டிலை உள்ளே எடுத்துப் போனாள். தங்கை அவள் பின்னால் போகவில்லை. தன் டம்ளரில் இருந்ததை மெதுவாகக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பத்திர ஆபீசில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

"இதுக்குத்தான் கூப்பிட்டியாண்ணே?"

"அப்பா ஆசைப்படுறாரு."

படிக்காமலே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். "சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கிறீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார். "ஆமாங்க" என்றாள்.

வெளியே வந்ததும், "அம்மா கல்லறைக்குக் கூட்டிட்டுப் போங்க. அப்படியே ஏர்போர்ட் போயிடறேன்" என்றாள்.

அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் கல் வைக்கவில்லை. இரண்டு மழைக்காலத்து வெள்ளத்தில் மேடு கரைந்து, அந்த இடத்தில் வேறு யாரையோ புதைத்துவிட்டார்கள். கேள்விப்பட்டும் நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில், சுவரோரம் பேர் எழுதாத ஒரு மண்மேட்டைக் காட்டினேன்.

"இதா?"

"இதுதான்."

செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டாள். குனிந்து அந்த மண்ணில் நெற்றியை வைத்து அழுதாள். அதுவரை அவள் அழவில்லை. அப்பா நகர்ந்து போய் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவள் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "வரிசைக்கு அடியில போடுவேன்" என்றாள். நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு அவள் ஊருக்கு வரவில்லை. வருஷாவருஷம் கல்லறைத் திருநாளன்று மட்டும் போன் செய்கிறாள்.

"மெழுகுவத்தி ஏத்திட்டியாண்ணே?"

"ஏத்திட்டேம்மா" என்கிறேன்.