ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே ஒன்பது கிலோமீற்றர் ஓட்டம்

போன கிழமை ஒரு வாசகி எழுதியிருந்தார்: "அக்கா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டபிறகு ஓடத் தொடங்கியிருக்கிறன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மேடு பள்ளமும் மரமுமாக ஓடுற பாதை ஏதும் தெரியுமோ?" தெரியும் தங்கச்சி. ஆனால் நான் அந்தப் பாதையில் முதன்முதல் ஓடியது 1987 ஒக்ரோபரில், ஒரு சனிக்கிழமை. அந்த நாளை விட்டுவிட்டுப் பாதையை மட்டும் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருஷம். மில்லிக்கனில் ஒரு வீட்டு பேஸ்மென்றில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். மேலே அவருடைய உறவுக்காரி ராணி அன்ரியின் குடும்பம். பருத்தித்துறையில் படிக்கும்போது 1500 மீற்றர் ஓடியவள் நான். இங்கே வந்தும் விடவில்லை. வேலைக்குப் போக முன்னம் ஸ்ரீல்ஸ் வீதியோரமாக அரை மணித்தியாலம் ஓடிவிட்டு வருவேன்.

அந்த வருஷம் மே மாதம், வயிற்றில் பதினோராம் கிழமையில், எங்கள் முதல் பிள்ளை தங்காமல் போனது. நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை, இப்படி நடப்பதுண்டு என்று டாக்டர் சொன்னார். ராணி அன்ரி வேறு மாதிரிச் சொன்னார். "வயித்திலை பிள்ளையோடை றோட்டு றோட்டா ஓடித் திரிஞ்சா வேறை என்ன நடக்கும்?" குசினியில் வைத்துத்தான் கேட்டார். என் கணவர் பக்கத்தில் நின்றார். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அதோடு ஓட்டத்தை நிறுத்தினேன். ஐந்து மாதம். ஆனால் என் கால்களுக்கு அது விளங்கவில்லை. பஸ்ஸில் இருக்க முடியாமல் இரண்டு தரிப்புக்கு முன்னமே இறங்கி நடப்பேன். சோறு அவியும் நேரத்தில் பேஸ்மென்றின் ஒரு சுவரில் தொடங்கி மற்றச் சுவர் வரைக்கும் நடப்பேன், திரும்புவேன், நடப்பேன். "கீழை என்ன சத்தம்?" என்று அன்ரி மேலே நின்று கேட்பார்.

எனக்கு வேலை மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில், கொம்பியூட்டர் பலகைகளுக்கு ஈயம் பற்றவைப்பது. எதிரே மார்கரெட் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, இங்கிலாந்தில் சரே பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உன் கால் மேசையை ஆட்டுகிறது. இது மூன்றாவது பலகை, பிழையாகப் போனது." ஓடிப் பழகிய கால், இப்போது ஓடுவதில்லை என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"எங்கள் ஊரில் மலைச்சரிவு முழுக்கக் காடு. ஏறி இறங்கி, சேற்றில் விழுந்து எழும்பி ஓடுவோம். இங்கே வந்து அப்படி ஓரிடம் கிடைக்காதா என்று அலைந்து, கடைசியில் ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே கண்டுபிடித்தேன். இப்போது என் முழங்கால் விடாது. நீ போ." மதியச் சாப்பாட்டுப் பையைக் கிழித்து, அதன் உட்பக்கத்தில் பாதையைக் கீறித் தந்தார்.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். "சனிக்கிழமை நான் ஓடப் போறன்."

அவர் என்னைப் பார்த்தார். "எங்கை?"

"ஸ்ரௌவ்வில்லுக்கு அங்காலை. காடு."

"நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். அவ்வளவுதான். ஜூன் மாதம் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். வசதி வரும் முன்னம் ஏன் இந்தக் கார் என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது.

காலை 8.10க்கு வெளிக்கிட்டோம். மார்க்கம் றோட்டால் நேரே வடக்கு. இன்றைக்கு அந்த றோட்டின் இரண்டு கரையிலும் வீடுகள்தான். அன்றைக்குச் சோளத் தோட்டங்கள். ஸ்ரௌவ்வில் தாண்டினால் நிலம் மெல்ல மடிப்பு விழத் தொடங்கும். மொத்தம் 31 கிலோமீற்றர், நாற்பது நிமிஷம். வாசலில் இரும்புக் கம்பிக் கதவு, அதற்கு முன்னால் நாலு கார் நிற்கக்கூடிய மண் தரை. பணம் கட்டத் தேவையில்லை, அன்றும் இன்றும்.

"ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவன்" என்றேன். அவர் தலையாட்டினார். சரியாக 9.00.

இனிப் பாதை. முதல் ஒரு கிலோமீற்றர் சமதரை. வரிசைக்கு நட்ட பைன் மரங்கள், காலுக்கடியில் ஊசியிலை மெத்தை, சப்பாத்துச் சத்தமே கேட்காது. பிறகு வலப்பக்கம் முதல் ஏற்றம். 300 மீற்றர்தான், ஆனால் மணல் கலந்த தரை, காலைப் பின்னுக்கு இழுக்கும். அதன் உச்சியில் மேப்பிள் காடு தொடங்கும். ஒக்ரோபரில் மஞ்சளும் சிவப்பும் தலைக்கு மேலே பாதி, தரையில் பாதி. மூன்றாம் கிலோமீற்றரில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், அடியில் கறுப்புத் தண்ணீர். அதைச் சுற்றிக்கொண்டு இரண்டாவது ஏற்றம். இதுதான் பெரியது. இதில் நடந்தால் வெட்கமில்லை.

நான் நடக்கவில்லை. ஐந்து மாதத்துக் கோபத்தையும் சேர்த்து ஓடினேன். அன்ரியோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். கோப்பை கழுவிய கையோடும் சண்டை பிடித்தேன். அதில்தான் பிழைவிட்டேன். ஐந்தாம் கிலோமீற்றரில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தை இலைகள் மூடியிருந்தன. வலப்பக்கம் திரும்பினால் சுற்றிக்கொண்டு வாசலுக்கே வரலாம் என்று மார்கரெட் அதில் பெரிதாக அம்புக்குறி போட்டுத் தந்திருந்தார். நான் பையை விரித்துப் பார்க்காமல் நேரே ஓடி, காட்டுக்கு வெளியே ஒரு கிரவல் றோட்டில் போய் விழுந்தேன். அங்கே வேலிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார விவசாயி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆரும் துரத்துகிறார்களா?" என்று கேட்டார்.

"இல்லை. நானாகத்தான் ஓடுகிறேன்."

சிரித்துக்கொண்டு வழி காட்டினார். பைன் வரிசை வரும்வரை வேலியோரமாகத் திரும்பிப் போ என்றார்.

நான் வாசலுக்கு வந்து சேர 10.35. கார் நின்றது. பூட்டியிருந்தது. அவரைக் காணவில்லை.

ஐந்து நிமிஷம் நின்றேன். காரைச் சுற்றினேன். றோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு வாகனமும் இல்லை. பிறகுதான் கம்பிக் கதவுக்கு உள்ளே ஈர மண்ணில் அவருடைய ஒபிஸ் சப்பாத்தின் தடம் தெரிந்தது. தட்டையான, வழுக்குகிற சப்பாத்து. என்னைத் தேடி உள்ளே போயிருக்கிறார். வரைபடம் என்னிடம்.

திரும்பவும் உள்ளே ஓடினேன். களைப்பு எங்கே போனதென்று தெரியாது.

"இஞ்சருங்கோ!" என்று கூப்பிட்டேன். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவேன். கலியாணமாகி மூன்று வருஷம், அவர் பெயரை என் வாயால் சொன்னதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவரும் சொல்வதில்லை. "இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ" என்று கத்த, அந்தச் சொல் பத்து மரத்தைத் தாண்டவில்லை. முதல் ஏற்றத்தின் உச்சியில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

"சிவநேசன்!"

ஒரு காகம் எழும்பியது. திரும்பவும் கத்தினேன். மூன்றாம் தரம், கறுப்புத் தண்ணீர்ப் பள்ளத்துப் பக்கமிருந்து, "ஓம்! ஓம்! இஞ்சை!" என்று சத்தம் வந்தது.

விழுந்து கிடந்த மரமொன்றில் இருந்தார். ஒரு சப்பாத்தின் அடி பிளந்து வாய் திறந்திருந்தது. உள்ளங்கை உரஞ்சி இரத்தம். நேரம் 11.05.

"ஆரோ என்ரை வாத்தியார் கூப்பிடுறார் எண்டு நினைச்சன்" என்றார்.

"ஏன் உள்ளுக்கு வந்தனீங்கள்? வழி தெரியாமல்?"

"பத்து மணி எண்டு சொன்னீர். பத்தேகால் ஆச்சு. எங்கையோ விழுந்து கிடக்கிறீராக்கும் எண்டு… காருக்குள்ளை இருக்க ஏலாமல் போச்சு."

நான் பக்கத்தில் இருந்தேன். கேட்க நினைத்திருக்கவில்லை. கேட்டுவிட்டேன். "நான் ஓடினதாலைதான் பிள்ளை போச்சுது எண்டு நீங்களும் நினைச்சனீங்களோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு கேள்வியையே அவர் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. "நீரோ? இல்லை. நான் நினைச்சது வேறை." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அண்டைக்கு விடியக் காலமை உமக்கு நோ எண்டு சொன்னவுடனை டாக்ஸிக்கு அடிச்சிருக்க வேணும். பஸ் வந்திடும், பஸ் வந்திடும் எண்டு நாப்பது நிமிசம் உம்மைக் குளிருக்கை நிக்க வைச்சன். அதாலைதான் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன். பிறகு ஓடிப்போய்க் கார் வாங்கினன். ஆருக்கு இனி?"

ஐந்து மாதம். ஒரே அறைக்குள், அவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டும், நான் என்னையும் அவரையும் குற்றம் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறோம். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், இந்தமுறை அவருக்கு: நீங்கள் செய்த எதனாலும் இது நடக்கவில்லை. அவர் அழுதார். நானும் அழுதேன். அவருடைய சப்பாத்தை என் தலைமுடிக் கட்டால் சுற்றிக் கட்டிவிட்டேன். மெல்ல நடந்து காருக்கு வர 11.50.

அடுத்த கிழமை ராணி அன்ரி தொடங்கியபோது, "அன்ரி, இனி உந்தக் கதை வேண்டாம்" என்றார் அவர். குரல் உயரவில்லை. அன்ரி மூன்று கிழமை எங்களோடு பேசவில்லை. பனி விழும் வரைக்கும் ஒவ்வொரு சனியும் நாங்கள் அங்கே போனோம். பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளைச் சுமந்தபோது டாக்டரைக் கேட்டு நாலாம் மாதம் வரைக்கும் ஓடினேன். எனக்குள் இருந்த அந்தரம் போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். இன்றைக்கும் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் இருக்கமாட்டேன். ஆனால் எதையும் விட்டு ஓடுவதில்லை.

சரி, போகிறவர்களுக்கு. இப்போது சந்திகளில் இலக்கம் எழுதிய கட்டைகள் நிற்கின்றன, என்னை மாதிரித் தவற வழியில்லை; இருந்தாலும் இலை விழும் மாதங்களில் ஐந்தாம் கிலோமீற்றரில் நின்று பார்த்துப் போங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள், உள்ளே குழாய் கிடையாது. கோடையில் உண்ணி கடிக்கும், நீளக் காலுறை போடுங்கள். முதல் தரம் ஓடுகிறவர்களுக்கு ஒன்பது கிலோமீற்றருக்கு எழுபத்தைந்து நிமிஷம் வேண்டும். ஒரு மணித்தியாலம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காரில் காத்திருப்பவரிடம், பிந்தினால் உள்ளே வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். எப்படியும் வருவார். ஆனபடியால் அவருக்கும் ஒரு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள்.